மழையை ஊகிப்பதை விடுங்கள், அமைப்பு உடையும் இடத்தைத் தேடுங்கள்: மாறும் காலநிலையில் நீர் மேலாண்மைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீரைப் பற்றித் திட்டமிட உட்காரும் எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இனி மழை கூடுமா, குறையுமா?" இதற்குப் பதில் தேடியே பாதி நேரம் போய்விடும். ஒரே வடிநிலத்துக்கு (ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் நிலப்பரப்புக்கு) ஒரு காலநிலை மாதிரி, அதாவது எதிர்காலக் காலநிலையைக் கணிக்கும் கணினிக் கணக்கு, மழை கூடும் என்னும், இன்னொன்று குறையும் என்னும். கடைசியில் ஆளாளுக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டு, அதையே எதிர்காலம் என்று நம்பிக் கட்டத் தொடங்கிவிடுவோம்.

இந்த வழிகாட்டி மூன்று வேறு கேள்விகளிலிருந்து தொடங்குகிறது. நம் அமைப்பு எந்த நிலையில் உடையும்? அந்த நிலை நெருங்குவதை எதை வைத்து அறிவோம்? அதற்கு எத்தனை ஆண்டு முன்பே முடிவெடுத்தாக வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், மழை எப்படி மாறினாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஓர் அணையைப் பராமரிக்கும் பொறியாளர், ஓர் ஊரின் குடிநீரைக் கவனிப்பவர், பாசனச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர், இதைப் படிக்கும் மாணவர் என யாருக்கும் இது பொருந்தும். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். எக்செல் போதும், பொறுமையும் வேண்டும்.

படி 1: கையில் உள்ளதை நேர்மையாகக் கணக்கெடுங்கள்

ஒரு தாளில் உங்கள் அமைப்பை வரையுங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மதகு வழியாக வெளியேறுகிறது, யாரிடம் போய்ச் சேருகிறது, எங்கே காணாமல் போகிறது. ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் ஓர் எண்ணை எழுதுங்கள். எண் தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். பெரும்பாலான அமைப்புகளில் இந்தக் கேள்விக்குறிகள்தான் அதிகம் இருக்கும். முதல் செலவை எங்கே செய்ய வேண்டும் என்பதையும் அவையே காட்டிவிடும்.

இந்தக் கணக்கில் மூன்று இடங்களில் வழக்கமாகத் தவறு நேர்கிறது.

முதலாவது கொள்ளளவு. அணை கட்டியபோது எழுதிய எண்ணை இன்றும் பயன்படுத்துகிறோம், ஆனால் வண்டல் அதில் ஒரு பங்கை விழுங்கியிருக்கும். பாகிஸ்தானின் தர்பேலா அணை 1970-களில் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றைக்குள் அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வண்டலுக்குப் போய்விட்டது. உங்கள் நீர்த்தேக்கத்தின் அடித்தரையைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேளுங்கள். இருபது ஆண்டுக்கு முன்பு என்றால், மற்ற எல்லா வேலைக்கும் முன் அதை மறுபடி அளக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இரண்டாவது, எடுக்க முடியாத நீர். அடியில் தங்கும் நீரை மதகு எட்டாது, எட்டினாலும் அது சேறும் பாசியுமாக இருக்கும். 2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் வறட்சியில் தவித்தபோது, அதன் அணைகளில் கடைசிப் பத்து சதவீதத்தை எடுக்க முடியாது என்றே கணக்கிட்டார்கள். இருப்பு இருபது சதவீதம் என்று பலகையில் எழுதியிருந்தாலும், கையில் இருந்தது பத்துதான்.

மூன்றாவது நிலத்தடி நீர். ஆற்று நீரையும் கிணற்று நீரையும் தனித்தனிப் பைகளாக எழுதிவிடுகிறோம். ஆற்றங்கரைக் கிணறு உறிஞ்சுவது பல நேரம் ஆற்று நீரையேதான். அதை இரண்டு இடத்தில் வரவு வைத்தால், இல்லாத நீரைப் பங்கு போட்டவர்களாவோம்.

படி 2: பழைய பதிவேட்டை நம்புங்கள், ஆனால் அதன் வயதைக் கேளுங்கள்

நீர்ப் பொறியியல் நெடுங்காலம் ஓர் அனுமானத்தின் மேல் நின்றது: ஆற்றின் கடந்தகாலம் எப்படியோ, அதன் எதிர்காலமும் அப்படியே. நாற்பது ஆண்டு நீர்வரத்தை எடுத்து, சராசரி பார்த்து, அணையின் உயரத்தையும் உபரிநீர் வழியும் கலிங்கின் அகலத்தையும் முடிவு செய்வார்கள். இந்த அனுமானம் எப்படிக் காலை வாரும் என்பதற்குக் கொலராடோ ஆற்றைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

1922-இல் அமெரிக்காவின் ஏழு மாநிலங்கள் அந்த ஆற்றைப் பங்கிட்டுக்கொண்டன. மேல் வடிநிலத்துக்கும் கீழ் வடிநிலத்துக்கும் ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி வீதம் (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி). 1944-இல் மெக்சிகோவுக்கு இன்னொரு 15 லட்சம். மொத்தம் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 கோடி கன மீட்டர். அந்தப் பங்கீட்டுக்கு ஆதாரமாக இருந்த அளவீடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவை. பின்னாளில் மர வளையங்களை ஆராய்ந்தபோது, அந்த ஆண்டுகள் பல நூற்றாண்டுகளிலேயே மிக ஈரமான காலங்களில் ஒன்று என்று தெரியவந்தது. 2000-க்குப் பிறகு ஆற்றின் இயல்பான ஓட்டம் சராசரியாக 1,500 கோடி கன மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது. 2021 ஆகஸ்டில், வரலாற்றில் முதல் முறையாக, கீழ் வடிநிலத்துக்கு நீர்த் தட்டுப்பாடு முறைப்படி அறிவிக்கப்பட்டது.

ஆகவே உங்கள் பதிவேட்டை எடுத்ததும் அதன் தொடக்க ஆண்டையும் முடிவு ஆண்டையும் பெரிதாக எழுதி வையுங்கள். அந்தக் காலம் ஈரமானதா, வறண்டதா? பதிவேட்டுக்கு முந்தைய பெரும் வெள்ளத்துக்கும் பஞ்சத்துக்கும் வேறு சான்று உண்டா? பாலத்தூணிலும் கோயில் சுவரிலும் பதித்த வெள்ளக்குறி, பழைய வருவாய்க் கணக்கு, வயதானவர்களின் நினைவு எல்லாமே தகவல்தான். பிறகு பதிவேட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதிச் சராசரியையும் பின்பாதிச் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் காரணத்தைத் தேடுங்கள். காலநிலை மாறியிருக்கலாம். மேலே புதிய தடுப்பணைகளோ, ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகளோ வந்திருக்கலாம். அளவுகோலையே இடம் மாற்றி நட்டிருக்கவும் கூடும்.

"நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்லையும் இங்கேயே சரிசெய்துகொள்வோம். நூறு ஆண்டுக்கு ஒரு தடவைதான் வரும் என்று அதற்குப் பொருளில்லை. எந்த ஓர் ஆண்டிலும் அது வர ஒரு சதவீத வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அப்படியானால் முப்பது ஆண்டுக்குள் ஒரு முறையேனும் வரும் வாய்ப்பு 26 சதவீதம். காலநிலை மாற்றத்தால் அதே வெள்ளம் ஐம்பதாண்டு வெள்ளமாகிவிட்டால், அந்த வாய்ப்பு 45 சதவீதம். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். குறுகிய நேரத்தில் கொட்டும் மழை வலுப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. இந்த எண்களைக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். "நம் காலத்தில் வராது" என்ற பேச்சு அங்கேயே அடங்கும்.

படி 3: தெரியாததைப் பிரித்து எழுதுங்கள்

எல்லா நிச்சயமின்மையும் ஒரே வகை இல்லை. மழை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது ஒரு வகை. அது என்றும் இருப்பது, நீண்ட பதிவேட்டால் ஓரளவு பிடிபடும். நம் அளவீட்டின் பிழை இன்னொரு வகை, நல்ல கருவி வைத்தால் குறையும். வெப்பம் எவ்வளவு கூடும், ஊர் எவ்வளவு வளரும், எந்தப் பயிர் பரவும் என்பவை மூன்றாவது வகை. இவற்றுக்கு நிகழ்தகவு போட்டுக் காட்டுவது பெரும்பாலும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

தேவைக் கணிப்பைக் குறிப்பாகச் சந்தேகப்படுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1980-களுக்குப் பிறகு மக்கள்தொகை கூடிக்கொண்டே போனது, மொத்த நீர்ப் பயன்பாடு குறைந்துகொண்டே வந்தது. சிக்கனமான குழாய்களும் கட்டண மாற்றமும் கசிவு அடைப்பும் சேர்ந்து செய்த வேலை அது. பழைய கோட்டை நேராக நீட்டி வரைந்த கணிப்புகள் அங்கே திரும்பத் திரும்பப் பொய்த்தன.

படி 4: தோல்வி என்றால் என்ன என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்

இதை உட்கார்ந்து பேசாமல் கணக்குக்குப் போனால், பிறகு எண்ணை வைத்துக்கொண்டு சண்டைதான் வரும். மூன்று அளவுகோல் போதும். எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை பற்றாக்குறை வருகிறது, வந்தால் எவ்வளவு ஆழமாக வருகிறது, அதிலிருந்து மீள எத்தனை மாதம் ஆகிறது.

பத்து ஆண்டில் இரண்டு முறை பத்து சதவீதக் குறைவு என்பதைப் பெரும்பாலான ஊர்கள் சமாளிக்கும். முப்பது ஆண்டில் ஒரே ஒரு முறை, ஆனால் மூன்று மாதம் குழாயில் சொட்டு நீர் இல்லை என்றால் அது பேரழிவு. வெறும் சராசரியில் பார்த்தால் இரண்டாவது ஊர்தான் நன்றாக இருப்பதாகத் தெரியும்.

இந்த அளவுகோலை வகுக்கும் அறையில் கடைமடை விவசாயி இருக்க வேண்டும், குழாய்ப் பாதையின் கடைசித் தெருவில் குடியிருப்பவர் இருக்க வேண்டும். தலைமடையில் உட்கார்ந்து எழுதிய தோல்விக்கும் கடைமடை அனுபவிக்கும் தோல்விக்கும் தூரம் அதிகம்.

படி 5: அமைப்பை வளைத்துப் பாருங்கள்

மொத்த வழிகாட்டியிலும் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தப் படியில்தான்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்று. ஓர் அணை. எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 60 அலகு. சராசரி ஆண்டு நீர்வரத்து 100. தேவை 75. ஆவியாகிப் போவது 8. ஆக ஆண்டுச் செலவு 83, மிச்சம் 17. பார்த்தால் வசதியான குடும்பம்.

இப்போது வறண்ட ஆண்டு ஒன்று வருகிறது என்று வையுங்கள். நீர்வரத்து சராசரியில் 55 சதவீதம்தான், அதாவது 55. பற்றாக்குறை 28. அடுத்த ஆண்டும் அப்படியே என்றால் மொத்தப் பற்றாக்குறை 56. அணை நிரம்பிய நிலையில் தொடங்கியிருந்தால் கையில் 60 இருந்திருக்கும். மயிரிழையில் தப்பிவிட்டோம்.

சராசரி நீர்வரத்து எவ்வளவு குறைந்தால் இந்த இரண்டாண்டு வறட்சியை அணை தாங்காது? கணக்குப் போட்டால் 96.4 என்று வரும். அதாவது 3.6 சதவீதக் குறைவிலேயே அமைப்பு உடைகிறது. மிச்சம் 17 அலகு என்று நம்பிக்கொண்டிருந்த அமைப்பு இது.

அடுத்ததாகத் தேவையைப் பத்து சதவீதம் குறைத்துப் பாருங்கள். 75 இடத்தில் 67.5. அதே வறட்சியில் உடையும் புள்ளி 82.7-க்கு இறங்குகிறது. நீர்வரத்து 17 சதவீதம் குறையும் வரை இந்த அமைப்பு தாங்கும். செங்கல் ஒன்றும் வைக்கவில்லை, மண் ஒரு கூடையும் அள்ளவில்லை, தாங்கும் எல்லை ஐந்து மடங்குக்கு அருகில் விரிந்துவிட்டது. இதை முதன்முறை எக்செல்லில் பார்ப்பவர்கள் பொதுவாக எங்கோ பிழை என்று நினைத்து மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

மழைக்கும் நீர்வரத்துக்கும் உள்ள உறவையும் இதில் சேர்க்க வேண்டும். மழை பத்து சதவீதம் குறைந்தால் நீர்வரத்தும் பத்து சதவீதம் குறையும் என்று நினைப்பது இயல்பு. நிலம் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும், மிச்சத்தைத்தான் ஆற்றுக்கு விடும். அதனால் வறண்ட பகுதிகளில் நீர்வரத்துக் குறைவு, மழைக் குறைவைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரப் பகுதியில் 1970-களின் நடுவிலிருந்து மழை 15 சதவீதம் போலக் குறைந்தது. நகரின் அணைகளுக்கு வந்த நீரோ ஏறக்குறைய பாதியானது, 2000-க்குப் பிறகு அதற்கும் கீழே போனது. நம் எடுத்துக்காட்டு அணையில் இரண்டரை மடங்கு என்று கொண்டால், மழை ஒன்றரை சதவீதம் குறைந்தாலே உடையும் புள்ளி வந்துவிடும்.

செய்முறை இது. எக்செல்லில் மாதம் ஒரு வரி. தொடக்க இருப்பு, நீர்வரத்து, ஆவியாதல், வழங்கியது, வழிந்தோடியது, முடிவு இருப்பு. முப்பது நாற்பது ஆண்டுப் பதிவை அப்படியே ஓட்டுங்கள். அப்புறம் நீர்வரத்தை 5, 10, 20, 30 சதவீதம் குறைத்தும், 10, 20 சதவீதம் கூட்டியும் ஓட்டுங்கள். ஒவ்வொன்றையும் தேவையின் வேறு வேறு அளவுகளுடன் சேருங்கள். பக்கவாட்டில் நீர்வரத்து மாற்றம், மேலிருந்து கீழே தேவை மாற்றம். படி 4-இல் ஒப்புக்கொண்ட தோல்வி எந்தக் கட்டத்தில் வருகிறதோ அதற்குச் சிவப்பு அடியுங்கள். பதிவில் உள்ள மோசமான வறட்சியை ஓர் ஆண்டு நீட்டியும் ஓட்டுங்கள். பருவமழை ஒரு மாதம் தள்ளி வந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். பனி உருகி வரும் ஆறு என்றால், உருகல் ஒரு மாதம் முந்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

இந்தச் சிவப்புப் பச்சைப் படம் முடிந்த பிறகுதான் காலநிலை மாதிரிகளைக் கையில் எடுக்க வேண்டும். அவற்றின் புள்ளிகளை இந்தப் படத்தின் மேல் தூவுங்கள். பெரும்பாலான புள்ளிகள் பச்சையில் விழுந்தால் அவசரம் இல்லை. பாதி சிவப்பில் விழுந்தால், எந்த மாதிரி சரி என்ற வாதமே தேவையில்லை, வேலையைத் தொடங்க அது போதும்.

படி 6: எப்படியும் வீணாகாத வேலைகளை முதலில் முடியுங்கள்

மழை கூடினாலும் குறைந்தாலும் பலன் தரும் வேலைகள் சில உண்டு. இவற்றுக்கு எந்தக் கணிப்புக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் கசிவு. கம்போடியத் தலைநகர் நாம்பென்னில் 1993-இல் சுத்திகரித்து அனுப்பிய நீரில் 72 சதவீதம் வருமானக் கணக்குக்கு வராமலே போனது. கசிவு, திருட்டு, அளவுமானி இல்லாத இணைப்பு எல்லாம் சேர்ந்த எண் அது. எக் சோன் சான் என்ற நிர்வாகியின் தலைமையில் மானி பொருத்தி, குழாய் மாற்றி, கட்டணம் வாங்கி, அந்த நகரம் அதை ஆறு சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்தது. செல்வம் கொழிக்கும் நகரம் அல்ல, போரிலிருந்து எழுந்த நகரம். ஆகவே "எங்களிடம் பணம் இல்லை" என்பதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

அடுத்தது இயக்க விதி. ஒரே அணையை வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பயன்படுத்தும்போது இரண்டும் மோதும். வெள்ளத்துக்காகக் காலியாக வைக்க வேண்டும், வறட்சிக்காக நிரப்பி வைக்க வேண்டும். கலிபோர்னியாவின் மென்டசினோ ஏரி என்ற அணைத்தேக்கம் 1950-களில் எழுதிய விதிப்படி இயங்கியது. 2012 டிசம்பரில் புயல் மழை நீரை விதிப்படி திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மழை பொய்த்தது, ஏரி அடிவரை இறங்கியது. அதன் பிறகு, வானிலை முன்னறிவிப்பில் புயல் தெரிந்தால் மட்டும் திறப்பது, தெரியாவிட்டால் வைத்துக்கொள்வது என்ற முறையைச் சோதித்தார்கள். 2020-இன் வறண்ட பருவத்தில் அந்த ஏரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் நீர் மிஞ்சியது. மாறியது விதி மட்டும்தான். உங்கள் அணையின் விதிப்புத்தகம் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பாருங்கள். முன்னறிவிப்பு நம்பகமாக இருக்கும் நாட்களுக்குள், கீழே உள்ள ஆறு கரை தாண்டாமல் எவ்வளவு நீரை வெளியேற்ற முடியும் என்பதே இந்த முறையின் எல்லை. அதைக் கணக்கிடாமல் இதில் இறங்குவது ஆபத்து.

மூன்றாவது, நீருக்கு இடம் விடுவது. 1995-இல் ரைன், மாஸ் ஆறுகள் பெருகியபோது நெதர்லாந்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கரையை இன்னும் உயர்த்துவதோடு நிற்காமல், முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளியும் படுகையைத் தாழ்த்தியும் ஆற்றுக்கு இடம் கொடுத்தார்கள். நைமேகன் நகரில் கரையை 350 மீட்டர் பின்னே நகர்த்தினார்கள். உயர்ந்த கரை உடைந்தால் வரும் அழிவும் உயரமாகவே இருக்கும். அகலமான ஆறு எதிர்பாராத வெள்ளத்திலும் கொஞ்சம் மன்னிக்கும். மழை குறையும் இடங்களில் இதே தாழ்நிலங்கள் நிலத்தடிக்கு நீரை இறக்கும். ஏரியைத் தூர்வாருவதும், வரத்து வாய்க்காலில் ஆக்கிரமிப்பை அகற்றுவதும் இந்த வகைதான்.

படி 7: பெரியதைக் கட்டுவதாக இருந்தால் துண்டு துண்டாகக் கட்டுங்கள்

சில இடங்களில் படி 6 போதாது. பெர்த் 2006-இல் க்வினானாவில் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்தது, 2011-இல் இரண்டாவது ஆலை, 2017-இல் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்து நிலத்தடியில் செலுத்தும் திட்டம். ஒவ்வொன்றும் முந்தையது போதாது என்று தெரிந்த பிறகு வந்த அடுத்த படி.

மெல்பர்ன் நகரம் நீண்ட வறட்சியின் உச்சத்தில், ஆண்டுக்கு 15,000 கோடி லிட்டர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையை ஒரே மூச்சில் ஒப்பந்தம் செய்தது. 2012 இறுதியில் ஆலை முடிவதற்குள் மழை வந்துவிட்டது. அதிலிருந்து முதல் நீரைக் கேட்டது 2016-இல்தான். வீண் செலவு என்று பலர் திட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மழையை நம்பாத ஒரு மூலம் கையில் இருப்பது காப்பீடு போன்றது, பின்னாளில் அந்த நீர் பயன்படவும் செய்தது. என் கவலை வேறு: பீதியின் உச்சத்தில் எடுக்கும் முடிவில் அளவைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேரம் பேச நேரம் இருப்பதில்லை.

சிட்னியின் வழி எனக்கு அதிகம் பிடிக்கும். நாளுக்கு 25 கோடி லிட்டர் தரும் ஆலையைக் கட்டினார்கள். பின்னால் 50 கோடியாக விரிக்க வசதி வைத்தே கட்டினார்கள். மழைக்காலத்தில் அதை நிறுத்தி வைத்தார்கள். அணைகளின் இருப்பு 60 சதவீதத்துக்குக் கீழே போனால் இயக்குவது என்று முன்பே விதி எழுதியிருந்தார்கள். 2019 ஜனவரியில் அந்த எண் வந்தது, ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது.

நீங்கள் எதைக் கட்டினாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதைப் பின்னால் பெரிதாக்க, இன்று எந்தச் சிறு பகுதியை மட்டும் பெரிதாகப் போட்டுவைக்க வேண்டும்? பொதுவாக அது நிலம், கடலுக்குள் போகும் குழாய், அஸ்திவாரம், சுரங்கம். பிற்காலத்தில் மாற்றவே முடியாதவை இவை. பம்பும் வடிகட்டியும் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

தாழ்ந்த மட்டத்துக்கும் தயாராகுங்கள். லாஸ் வேகஸ் நகரம் கொலராடோ ஆற்றின் மீட் ஏரியிலிருந்து நீர் எடுக்க, மற்ற இரண்டையும்விட ஆழத்தில் மூன்றாவது வாயை (நீர் உள்ளே போகும் முகப்பை) 2015-இல் முடித்தது. 2022 ஏப்ரலில் முதல் வாய் நீர்மட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தபோது, நகரத்துக் குழாய்களில் நீர் நிற்கவில்லை.

படி 8: எப்போது முடிவெடுப்பது என்பதை எண்ணாக எழுதுங்கள்

"நிலைமையைக் கவனித்து வருகிறோம்" என்பது திட்டம் ஆகாது. எந்த அளவை, யார், எப்போது பார்ப்பது, எந்த எண்ணைத் தொட்டால் எந்த வேலை தொடங்கும் என்று எழுதினால்தான் திட்டம்.

லண்டனைக் கடல் ஏற்றத்திலிருந்து காக்கும் தேம்ஸ் முகத்துவாரத் திட்டம் 2012-இல் வெளியானது. நூற்றாண்டு இறுதியில் கடல் எவ்வளவு உயரும் என்று அவர்கள் ஒரே எண்ணில் பந்தயம் கட்டவில்லை. வேறு வேறு உயர்வுகளுக்கு வேறு வேறு பாதைகளை வரைந்தார்கள். கடல்மட்டம், ஆற்றின் குறுக்கே உள்ள தடுப்பு வாயிலை எத்தனை முறை மூட வேண்டியிருக்கிறது என்பன போன்ற பத்து அடையாளங்களைக் கவனித்து, பத்து ஆண்டுக்கு ஒரு முறை திட்டத்தை முழுதாகத் திருத்துவது என்று வைத்தார்கள். 2023-இல் திருத்தியபோது, வாயிலுக்கு மேற்பகுதிக் கரைகளை உயர்த்தும் கெடுவைப் பதினைந்து ஆண்டு முன்னுக்குக் கொண்டுவந்து 2050 என்று வைத்தார்கள். திட்டம் தோற்றதாக இதை யாரும் சொல்ல மாட்டார்கள். இப்படித் திருந்துவதற்காகவே எழுதிய திட்டம் அது.

உங்கள் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? உடையும் புள்ளியிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். வேறோர் ஊரை எடுத்துக்கொள்வோம்: தேவை 75 அலகைத் தொட்டால் அதன் அமைப்பு உடையும் என்று படி 5-இன் முறை காட்டியதாக வையுங்கள். இன்றைய தேவை 60, ஆண்டுக்கு இரண்டு சதவீதம் வளர்கிறது. அப்படியானால் 75-ஐத் தொட 11 ஆண்டு. புதிய மூலத்தைக் கொண்டுவர, அனுமதி பெறவும் நிலம் எடுக்கவும் இரண்டு ஆண்டு, கட்ட ஐந்து ஆண்டு, மொத்தம் ஏழு. ஆக நான்காவது ஆண்டில் வேலை தொடங்கியாக வேண்டும். அன்றைய தேவை 65 ஆக இருக்கும். எனவே வேலையைத் தொடங்கச் சொல்லும் தூண்டு எண் 65. தேவை 75-ஐத் தொடும் நாளில் கூட்டம் போடுபவர், ஏழு ஆண்டு தாமதமாக வந்தவர்.

தூண்டு எண் தொட்டதும் முழுக் கட்டுமானத்தையும் தொடங்க வேண்டும் என்பதில்லை. பல நேரம் நிலத்தை உறுதிசெய்து, வரைபடத்தையும் அனுமதியையும் முடித்துவைத்தாலே, பின்னால் இரண்டு மூன்று ஆண்டு மிச்சமாகும். செலவு கொஞ்சம்தான்.

படி 9: ஏற்கெனவே நிற்பதை முதலில் காப்பாற்றுங்கள்

புதிய அணைக்குத் திறப்பு விழா உண்டு, பழைய அணையின் வடிகால் துளையைச் சுத்தம் செய்வதற்கு இல்லை. அதனால்தான் பராமரிப்பு எப்போதும் பின்னுக்குப் போகிறது.

2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிக உயரமான ஓரோவில் அணையில் உபரிநீரை வெளியேற்றும் கான்கிரீட் பாதை உடைந்தது. வடிவமைத்த அளவைவிட மிகக் குறைவான நீர் போய்க்கொண்டிருந்தபோதே கான்கிரீட் பலகைகள் பெயர்ந்தன. பிறகு, அணை கட்டிய 1968 முதல் பயன்படுத்தியே இராத அவசர வழியில் நீர் வழிந்து மண்ணை அரிக்கத் தொடங்க, ஏறக்குறைய 1,88,000 பேர் வீடுகளை விட்டு ஓடினார்கள். 2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே, 1970-களில் கட்டிய இரண்டு அணைகள் புயல் மழையில் உடைந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அடுத்த மாதமே சிக்கிமில் ஒரு பனிப்பாறை ஏரி உடைந்து வந்த வெள்ளம் தீஸ்தா 3 அணையை அடித்துச் சென்றது. மேலே ஒரு ஏரி வளர்ந்துகொண்டிருப்பதையும் கீழே உள்ள அணையின் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை அது காட்டியது.

ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன், இவற்றை நேரில் போய்ப் பாருங்கள். ஷட்டர்கள் எல்லாம் முழுதாக ஏறி இறங்குகின்றனவா? மின்சாரம் இல்லாமல் கையால் இயக்க முடிகிறதா, அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? ஜெனரேட்டர் இருக்கும் இடம் வெள்ளத்தில் மூழ்குமா? கசிவுநீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாகவா? கலங்கல் என்றால் மண் உள்ளிருந்து அரிக்கப்படுகிறது, அன்றே நிபுணரை அழைக்க வேண்டும். கரையில் மரம் முளைத்திருக்கிறதா, எலி வளை உண்டா? நள்ளிரவில் அணையைத் திறக்க நேர்ந்தால் கீழேயுள்ள கடைசி ஊருக்குச் செய்தி போக எத்தனை நிமிடம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒத்திகை நடத்திப் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டும்.

படி 10: வறட்சி வருமுன் வெட்டுப் பட்டியலைப் போடுங்கள்

கேப் டவுன் 2015-இல் நாளுக்கு ஏறக்குறைய 120 கோடி லிட்டர் பயன்படுத்தியது. 2018 தொடக்கத்தில் அது 50 கோடியளவுக்கு இறங்கியது. ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்ற வரம்பு, குழாய் அழுத்தத்தைக் குறைத்தது, கட்டண உயர்வு, வாராவாரம் அணை இருப்பை எல்லோர் கண்ணுக்கும் தெரிய வெளியிட்டது எல்லாம் சேர்ந்து அதைச் சாதித்தன. பக்கத்துப் பாசனச் சங்கம் ஒன்று தன் பங்கிலிருந்து 1,000 கோடி லிட்டரை நகரத்துக்கு விட்டுக்கொடுத்தது. அன்றைய பயன்பாட்டில் அது இருபது நாள் நீர். குழாய்களை மூட வேண்டிவரும் என்று அறிவித்திருந்த "பூஜ்ய நாள்" வரவே இல்லை.

இவ்வளவையும் நெருக்கடிக்கு நடுவில் யோசித்துச் செய்வது கடினம். அணை நிரம்பியிருக்கும் ஆண்டிலேயே எழுதுங்கள். இருப்பு 60 சதவீதம் என்றால் என்ன கட்டுப்பாடு, 40 என்றால் என்ன, 25 என்றால் என்ன. மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் பிறகு யாருக்கு முன்னுரிமை. முறைப்பாசனத்தில் யாருடைய முறை முதலில் குறையும், இழப்பவருக்கு என்ன ஈடு. கால்நடைக்கு எவ்வளவு, ஆறு உயிரோடு இருக்க ஆற்றுக்கே எவ்வளவு. நிரம்பிய ஆண்டில் யாருக்கு முதல் வெட்டு விழும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அன்றைக்குப் பேசினால் நியாயமாகப் பேசுவார்கள்.

நிலத்தடி நீருக்குத் தனி வரம்பு எழுதுங்கள். வறட்சியில் எல்லோரும் ஆழ்துளைக் கிணற்றுக்கு ஓடுவார்கள். அணை காலியாவது கண்ணுக்குத் தெரியும், நிலத்தடி காலியாவது தெரியாது. மெக்சிகோ நகரத்தின் சில பகுதிகள் நீரை உறிஞ்சியதால் ஆண்டுக்கு அரை மீட்டர் வரை தாழ்ந்திருக்கின்றன. அப்படி அமுங்கிய களிமண் மறுபடி எழாது. பத்துக் கண்காணிப்புக் கிணறுகளில் மாதம் ஒரு முறை கயிறும் எடையும் கட்டி மட்டம் அளந்தாலே போதும், ஐந்து ஆண்டில் போக்கு தெரிந்துவிடும்.

படி 11: ஒவ்வொரு நிகழ்வுக்கும் பிறகு பதிவேட்டைத் திருத்துங்கள்

வெள்ளம் வடிந்த வாரத்திலேயே உயர்மட்டக் குறிகளை அளந்து, தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். ஒரு மாதம் போனால் வெள்ளையடித்துவிடுவார்கள். எந்த ஷட்டரை எத்தனை மணிக்கு யார் உத்தரவில் திறந்தார்கள், முன்னறிவிப்பு என்ன சொன்னது, உண்மையில் எவ்வளவு வந்தது என்பதைப் பழிபோடும் நோக்கமில்லாமல் எழுதுங்கள். வறட்சி முடிந்ததும், எந்தக் கட்டுப்பாடு எவ்வளவு நீரை மிச்சப்படுத்தியது என்று பிரித்து எழுதுங்கள்.

இந்தப் புதிய எண்களைப் படி 5-இன் எக்செல்லில் ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். சிவப்புக் கட்டம் நகர்ந்திருந்தால் தூண்டு எண்ணும் நகர வேண்டும். பொறுப்பில் இருப்பவர் மாறும்போது, சாவிக்கொத்தோடு இந்தக் கோப்பையும் கையில் கொடுத்து, அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை தானே ஓட்டிப் பார்க்கும்வரை காத்திருங்கள்.